அருளா? உழைப்பா?

குரல் எங்கே பிறக்கிறது? தொண்டையில் என்பார் மருத்துவர். பயிற்சியில் என்பார் இசையாசிரியர். பழநியில் என்பார் பக்தர்! கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையாரைப்பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இந்த மூன்றாவது விடைதான் முந்திக்கொண்டு வருகிறது. முருகன் கொடுத்த குரல், ஔவை வாங்கிவந்த வரம், தெய்வீகக் கானம் என்று அடுக்குவார்கள். அடுக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் குரலுக்குச் சோறு போட்டது யார், போடாமல் விரட்டியது யார், எத்தனை இரவுகள் அது விடியவிடிய உழைத்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அருளுக்கு மாசு வந்துவிடுமாம்!

நாம் கேட்போம். விடை சொல்லச் சான்றுகள் இருக்கின்றன. அவை கல்வெட்டுகளல்ல, செப்பேடுகளல்ல. கைதவறி விழுந்தால் நொறுங்கிவிடும் கறுப்பு அரக்குத் தட்டுகள், நாடகக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், சுவரில் ஒட்டிய நோட்டீசுகள், சில பழைய கடிதங்கள். இன்று இவற்றைத் தேடியலைவோர் ஒரு கூட்டமாகவே பெருகியிருக்கிறார்கள். தேடட்டும். ஆனால் தேடியெடுத்ததைப் பூசையறையில் வைப்பதா, வரலாற்றின் மேசையில் வைப்பதா என்பதில்தான் நமக்கும் அவர்களிற் சிலருக்கும் வழக்கு.

சுந்தராம்பாள் பிறந்தது 1908-இல், காவிரிக்கரைக் கொடுமுடியில். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டெழுத்தில் ஒன்று ஊர். மற்றொன்று தாய் பாலாம்பாள். தாயின் பெயரைத் தலையெழுத்தாக ஏந்தி வாழ்நாள் முழுவதும் நடந்தவர் அவர். பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு அந்தத் தாயின் தோளிலேயே விழுந்தது. வீட்டில் வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அந்த ரயில் வண்டிகளில் ஏறிப் பாடிச் சில்லறை வாங்கினாள் சிறுமி. பக்தர்கள் சொல்லும் அருள் அன்று எந்த நிலையத்தில் இறங்கிக்கொண்டதோ தெரியவில்லை! இறங்காமல் உடன் வந்தது பசி ஒன்றுதான்.

வண்டியில் ஒலித்த அந்தக் குரலைக் கேட்டு நின்றவர், ரயில்வே அதிகாரியும் நாடக நடிகருமான எப். ஜி. நடேச அய்யர் என்பர். திருச்சியில் ரசிக ரஞ்சன சபையை 1914-இல் தோற்றுவித்தவர் அவர். அவர் வழியாகச் சிறுமி வேலு நாயரின் நாடகக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தாள். முதலில் கொடுத்த வேடம் எது? நல்லதங்காளின் பிள்ளை வேடம். வயிறு பசிக்கிறது என்று தாயிடம் அழுது பாடவேண்டும். கொட்டகை கண்ணீர் விட்டதாம். விடாமல் என்ன செய்யும்? நடிப்புச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் தேவைப்படாத ஒரே வேடம் அந்தப் பிள்ளைக்கு அதுதானே!

நான் வாழும் வடக்குத்து, நெய்வேலிக்கும் வடலூருக்கும் இடையில் இருக்கிறது. வடலூரில் 1867-இல் இராமலிங்க அடிகளார் தருமசாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். சாதி கேளாமல் சோறிட்டார். பசியைப் பாவத்தின் சம்பளமென்று சொல்லாமல், தீர்க்கவேண்டிய நோயென்று சொன்ன அந்த ஒன்றுக்காகவே பகுத்தறிவாளரும் அவரை மதிக்கிறோம். அடுப்பு மூண்டு நாற்பதாண்டுக்கு மேல் கழித்தும் தமிழ்நாட்டுச் சிறுமி ஒருத்தி ரயிலில் பாடித்தான் வயிறு கழுவவேண்டியிருந்தது என்பதையும் கூடவே எழுதி வைக்கவேண்டும்.

நாடகமேடை அந்நாளில் பட்டு விரித்த பாதையன்று. ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் குந்தியிருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நடக்கும். எதிரே நிற்கும் நடிகர் திடீரென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டால் அதே சுருதியில் விடைப்பாட்டு எடுக்கவேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில், ஊருக்கு ஊர், மாட்டுவண்டியிலும் ரயிலிலும் அலைந்து, கடல் கடந்து இலங்கைக்கும் போய்ப் பாடித்தான் அந்தக் குரல் வெண்கலமாயிற்று. வெண்கலம் வானத்திலிருந்து விழுவதில்லை. உலையில் உருகித்தான் வரும். இலங்கைத் தமிழ் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். அங்கேதான், 1926-வாக்கில், செங்கோட்டை கிட்டப்பாவும் அவரும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள்.

இங்கே தட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் முதன்முதல் இசைத்தட்டுக்குக் குரல் பதிந்தது 1902-இல், கல்கத்தாவில். பாடிய பெண்களுள் புகழ்பெற்றவர் கௌகர் ஜான். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் தட்டு அச்சாகும்போது யார் குரல் என்று குழம்பாதிருக்க! பிறகு கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் சியால்தாவிலேயே தொழிற்சாலை அமைத்தது. அந்த ஆண்டு 1908. கொடுமுடியில் சுந்தராம்பாள் பிறந்த அதே ஆண்டு. சோதிடர் கையில் இது கிடைத்தால் சாதகமே கணித்துவிடுவார்! நமக்கு இது வெறும் தற்செயல். ஆனால் பயனுள்ள தற்செயல்: அந்தக் குழந்தை வளர்ந்து மேடையேறுவதற்குள் தொழிலும் வளர்ந்து நின்றது.

அந்தத் தட்டு எதனால் ஆனது? மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி கசிந்துவிடும் பிசின். அதனோடு கல்லைப் பொடித்த மாவு, சிறிது பஞ்சு நார், கறுப்பு நிறத்துக்குக் கரிப்புகைத் தூள். கரியின் அருமையை நெய்வேலிக்காரருக்கு நான் விளக்கவேண்டியதில்லை! சூடேற்றி அச்சில் அழுத்தினால் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். விடியவிடியப் பாடியவர் மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிப் பாடவேண்டும். இழுத்து இழுத்து ஆலாபனை செய்ய இடமில்லை. சொல் முன்னால் வந்து நிற்கவேண்டும். சொல்லைத் தெளிவாகச் சொல்லப் பழகிய நாடகக் கலைஞர்களுக்கு இது சாதகமாயிற்று. 1925-க்குப்பின் மின்சார ஒலிவாங்கி வந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரிய கொம்புக்குள் தலையை நீட்டிக் கத்தவேண்டும்.

சமுதாயத்துக்கு இந்தத் தட்டு செய்த வேலையை எந்தச் சங்கீத வித்துவானும் எழுதிவைக்கவில்லை. சபாவுக்குள் நுழையக் காசு வேண்டும். காசிருந்தாலும் எல்லாருக்கும் இடமில்லை. கோயில் மண்டபத்தில் நடக்கும் கச்சேரியைக் கேட்கச் சாதி வேண்டும். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவை முழுமையாக உறுதிசெய்த சட்டம் வந்ததே 1947-இல்தான். ஆனால் தேநீர்க்கடை வாசலில் சுழன்ற தட்டு, தெருவில் நிற்பவனின் குலத்தைக் கேட்டுவிட்டுப் பாடவில்லை. வரப்பில் நின்றவனும் கேட்டான், வண்டியோட்டியும் கேட்டான். அவன் கேட்டது தமிழ்ப்பாட்டு. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசைக்குத் தீர்மானம் போட்டதையும், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்ததையும் பெருமையோடு பேசுகிறோம், பேசவேண்டியதுதான். அதற்கு முன்பே, மேடையில் தமிழ் துக்கடாவாகக் கடைசியில் ஒதுங்கி நின்ற காலத்திலேயே, தமிழ்ப்பாட்டைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனவர்கள் நாடகக்காரர்களும் தட்டுக்காரர்களும் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1927-இல் மாயவரத்தில் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்தார். பார்ப்பனக் குலத்தில் பிறந்தவர், தம் குலத்தாரல்லாத நடிகை ஒருவரை மணந்தார். கலப்பு மணமென்று மகிழ்வதா, இருதார மணமென்று வருந்துவதா? இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. இருவருக்குமிடையே பிணக்கும் வந்தது, பிரிவும் வந்தது. அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களிற் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றில் அன்பும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது. தேவலோகத்துக் காதலர்களென்று மேடையில் பாடப்பட்ட இருவரும் மனிதர்கள்தாம் என்று அக்கடிதங்கள் சொல்கின்றன. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று உடுத்தினார் வெள்ளை. 1980-இல் கண்மூடும்வரை மாற்றவில்லை. ஆணுக்கு இணையாக இனி நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இதைத்தான் கற்பின் சிகரமென்று கதாகாலட்சேபம் செய்கிறார்கள். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்துக்குத் தீர்மானம் போட்டது. பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அடுத்த ஆண்டே இரண்டாம் மாநாடு ஈரோட்டில் கூடியது, கொடுமுடியிலிருந்து ஒரு ரயில் பயணத் தொலைவில். ‘குடி அரசு’ 1925 முதல் அதே ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தது. இயக்கம் தோன்றுவதற்கு முன்பே, தங்கை மகளின் மறுமணத்தை உறவினர் எதிர்ப்பையும் மீறி நடத்திக்காட்டியவர் பெரியார். இத்தனைக்கும் நடுவே, இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி வெள்ளைக்குள் புகுந்தாள். அவரை நாம் குறைசொல்ல வரவில்லை. துயரம் அவருடையது, துணியும் அவருடையது. ஆனால் அந்தத் துணியைக் கொடியாக்கி மற்றப் பெண்களின் தலைக்குமேல் பறக்கவிடுகிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: இருபத்தேழு வயதில் மனைவியை இழந்த எந்த ஆண்மகன் வெள்ளை உடுத்தி நாற்பத்தேழாண்டு இருந்தான்? அவனுக்கு எந்த ஊரில் சிலை வைத்தீர்கள்?

இன்னொன்றும் உண்டு. கைம்பெண் எதிரே வந்தால் சகுனத்தடை என்று திண்ணைக்குத் திரும்பிய வைதிகர் வீட்டுக் கூடத்திலேயே அந்தக் கைம்பெண்ணின் தட்டு சுழன்றது! விழாப்பந்தலில் அவர் குரல்தான் முதலில் முழங்கியது. முகம் கண்டால் தீட்டு, குரல் கேட்டால் மங்கலம்! சாத்திரத்தை உடைப்பதற்கு அரக்குப் பூச்சி செய்த உதவி கொஞ்சமல்ல. அம்மையார் அறிந்தோ அறியாமலோ செய்த சீர்திருத்தம் அது: வெள்ளை உடுத்தியவர் மூலையில் முடங்கவேண்டும் என்ற கட்டளையை ஆயிரம் பேர் முன்னால் மேடையேறி மீறினார்; சம்பாதித்தார்; தம் காலில் நின்றார்.

எவ்வளவு சம்பாதித்தார்? 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்கு அழைத்தார்கள். வேண்டாமென்று தட்டிக்கழிக்கத்தான் ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். கொடுத்துவிட்டார்கள்! அந்நாளில் எந்த நடிகரும் கேட்டறியாத தொகை. நந்தன் வேடத்தை ஒரு பெண் ஏற்றார். வேதியர் வேடத்தில் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். படம் நன்றாக அமையவில்லை. ‘கல்கி’ எழுதிய விமரிசனம் கடுமையானது. கதையும் நமக்கு உவப்பானதன்று. சிதம்பரத்துக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கைகட்டி நின்றவன் தீக்குளித்துத்தான் உள்ளே போகமுடியும் என்ற கதை எங்கள் பக்கத்து ஊர்க் கதை. ஆகவே அதன் சூடு எங்களுக்குச் சற்று அதிகமாகவே தெரியும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதையே திருப்பிப்போட்டுக் ‘கிந்தனார்’ ஆக்கினார். கிந்தன் போனது சிதம்பரத்துக்கல்ல; சென்னைக்கு, ரயிலேறி, படிப்பதற்கு! 1949-இல் அண்ணாவின் கதையில் வந்த ‘நல்லதம்பி’யில் அதைக் காணலாம்.

காணலாம் என்று எளிதில் எழுதிவிட்டேன். முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களிற் பெரும்பாலானவற்றை இன்று யாரும் காணமுடியாது. 1931-இல் வந்த முதல் பேசும்படமாகிய ‘காளிதா’சே இல்லை. எளிதில் தீப்பற்றும் படச்சுருள். பாதுகாக்கத் தெரியாத முதலாளிகள். படம் மறைந்த இடத்தில் பாட்டுப் புத்தகம் நிற்கிறது; புத்தகம் கிழிந்த இடத்தில் தட்டு நிற்கிறது. தட்டும் எத்தனை நாள் நிற்கும்? இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு வந்ததால், மேலைநாடுகளில் பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது என்று சொல்லிப் பழையவற்றை உருக்கினார்கள். இங்கே போர் தேவைப்படவில்லை. பழைய சாமான் கடையே போதும். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில், ஓட்டைப் பித்தளைக் குடத்துக்கு மூடியாக ஒரு தட்டு கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். பெயர்ச்சீட்டு உரிந்துபோயிருந்தது. யார் குரலோ!

காப்பாற்றியவர் யார்? அரசர்களல்லர். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், நூலும் நோட்டீசும் பாட்டுப் புத்தகமுமாக வீடு நிறையச் சேர்த்தார். ஊரார் பழைய காகிதமென்று எறிந்ததை அவர் வரலாறென்று எடுத்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கியது. அதனால்தான் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தமிழன் சேர்த்ததைத் தமிழ்நாட்டிலேயே நிறுத்திவைக்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது! வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டினார். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் திரையுலகின் படங்களையும் விவரங்களையும் வாழ்நாளெல்லாம் தொகுத்தார், 2016-இல் மறைந்தார். தனி மனிதரின் பித்து என்று சிரித்தவர்களுக்கு இன்று அந்தப் பித்துதான் ஆதாரம்.

பித்து வேறு, வாணிபம் வேறு. இங்கிலாந்தின் பீட்டில்சு குழுவின் பாட்டுகளை அறுபதுகளில் இந்தியாவில் பழைய 78 சுற்று முறையிலேயே தட்டாக அச்சிட்டார்கள். இன்று மேலைநாட்டார் அவற்றைத் தேடிப்பிடித்துப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் என்ற கறுப்பினப் பாடகர், தெருவில் ஆடிக் காசு வாங்கி வளர்ந்த ஏழைச் சிறுவன், ‘சோல்’ இசையின் தலைமகனாக உயர்ந்தார். அவர் இறந்தபின் 2008-இல் அவருடைய உடைகளும் உடைமைகளும் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் கூவி விற்கப்பட்டன. அவருக்கு முன்னவர் பெஸ்ஸி சுமித். தாய்தந்தையரை இழந்து, தெருமுனையில் அண்ணனோடு பாடிப் பிழைத்த சிறுமி. 1923-இல் கொலம்பியா கம்பெனிக்குப் பாடிய முதல் தட்டே இலட்சக்கணக்கில் விற்றது, கம்பெனி கொழுத்தது. 1937-இல் விபத்தில் இறந்தார். அவருடைய தட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் ஏராளம். அவருடைய கல்லறைக்கு மட்டும் 1970-வரை பெயர் பொறித்த ஒரு கல் இல்லை! வாங்கி வைத்தவர்கள், அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், இளமையில் அவர் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணியும். ரயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமிக்கும் சட்டனூகாத் தெருவில் பாடிய கறுப்புச் சிறுமிக்கும் இடையே கடல்கள் பல; பசி ஒன்று.

சுந்தராம்பாள் அம்மையாரைக் காங்கிரசு தன் மேடைக்குப் பயன்படுத்திக்கொண்டது. சத்தியமூர்த்தி அழைத்துவந்தார், அம்மையார் பாடினார், கூட்டம் கூடியது. காந்தியார் கொடுமுடி வீட்டுக்கு வந்து பொற்றட்டில் உணவுண்டபின், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று கேட்டு வாங்கி, அதை ஏலம்விட்டு நிதி சேர்த்தார் என்பது பலரும் சொல்லும் நிகழ்ச்சி. பொற்றட்டு ஒருநாள் ஏலத்தில் போயிற்று; அரக்குத் தட்டு ஊர் ஊராகப் பல்லாண்டு உழைத்தது. ஐம்பதுகளில் அவர் சட்டமன்ற மேலவைக்கும் சென்றார். ரயிலில் பாடியவர் சட்டமியற்றும் அவையில் அமர்ந்தார்! நம் முகாமும் தட்டின் வலிமையை அறியாததல்ல. நாகூர் அனிபா அண்ணாவைப்பற்றிப் பாடியதைப் பதிவுசெய்யக் கம்பெனி முதலில் தயங்கியது. பதிந்தபின் விற்ற விற்பனையைக் கண்டு தயக்கம் பறந்தது. கொள்கை பிடிக்காத கம்பெனிக்கும் கணக்குப் பிடிக்கும் அல்லவா!

பக்தியும் பகுத்தறிவும் நேருக்குநேர் சந்தித்தது 1964-இல், ‘பூம்புகார்’ படத்தில். உரையாடல் கலைஞருடையது. கவுந்தியடிகளாக நடிக்க அம்மையாரை அழைத்தார்கள். ‘ஔவையார்’ வந்து பதினோராண்டு ஆகியிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு அணிபவர் சமணத் துறவியாக நடிக்க முதலில் இசையவில்லை. பிறகு இசைந்தார். கோவலன் கொலையுண்டபின் வரும் பாட்டில், நின்று தண்டிக்கும் தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் அடியொன்று இருந்ததாம். அம்மையார் பாட மறுத்தார். தெய்வம் இல்லாமற் போயிற்று என்ற பொருள்பட என் வாயால் வராது என்றாராம். எழுதியவர்கள் அடியை மாற்றினார்கள். தெய்வம் வந்துவிட்டது என்ற பொருளில் பாடி முடித்தார்.

யார் வென்றார் என்று இந்நிகழ்ச்சியை வைத்துப் பட்டிமன்றம் நடத்துவோர் உண்டு. நான் காண்பது வேறு. தன் வாயில் எந்தச் சொல் வரவேண்டுமென்று, எழுதியவரிடமும் எடுத்தவரிடமும் நின்று சொல்லக்கூடிய நிலைக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தாள். சில்லறைக்காக யார் கேட்டதையும் பாடிய அதே பெண். மறுப்பதற்கு அவருக்கு உரிமை கொடுத்தது அவர் வணங்கிய தெய்வமல்ல, நாற்பதாண்டு உழைப்பு. அதை மதித்து மாற்றியவர்கள் நாத்திகர்கள். 1969-இல் ‘துணைவன்’ படப் பாட்டுக்கு இந்திய அரசின் விருதும், 1970-இல் பத்மசிறீயும் வந்தன. கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கமும் எழுப்பினார்.

‘பூம்புகார்’ தட்டு இன்றும் சேகரிப்பாளர் கைகளில் கிடைக்கிறது. கிடைத்தால் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மாற்றிய சொல் வரும் இடத்தில் அம்மையாரின் குரல் மற்ற இடங்களைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கிறது.